கேள்வி–பதில்: கோப்புத் தொடுப்பில் கணினியின் பெயர் எதற்கு?

டெர்மினலில் கிளிக் செய்து கோப்புகளைத் திறக்கும் வசதி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையில் ஹைப்பர்லிங்க் விருப்பத்தை இயக்கினேன். கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கோப்பின் பெயரைக் கிளிக் செய்தால் கோப்பு திறக்கிறது. ஆனால் தொடுப்பின் முகவரியில் ‘ஃபைல்’ என்பதற்கும் கோப்பின் பாதைக்கும் நடுவே என் கணினியின் பெயர் இருக்கிறது. இதே கோப்பைப் பிரௌசரில் திறந்தால் மூன்று சாய்கோடுகளும் அவற்றை ஒட்டிப் பாதையும் மட்டுமே தெரிகின்றன. என் கணினியில் உள்ள கோப்பை என் கணினியிலேயே திறப்பதற்கு அதன் பெயர் எதற்கு?
— கணினி அறிவியல் மாணவர் ஒருவர்

பதில்: கோப்பு உங்கள் கணினியில்தான் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும், ‘எல்எஸ்’ நிரலுக்கும் தெரியும், டெர்மினலுக்குத்தான் தெரியாது.

டெர்மினல் என்பது தனக்கு வந்துசேரும் பைட்டுகளை எழுத்துகளாகத் திரையில் வரையும் நிரல். அந்தப் பைட்டுகள் உங்கள் மேசைமேல் உள்ள கணினியிலிருந்து வருகின்றனவா, வேறொரு கணினிக்குள் நுழைந்து வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் உள்ள சர்வரிலிருந்து வருகின்றனவா, அந்தச் சர்வருக்குள் தனிக் கோப்பமைப்போடு ஓடும் கன்டெய்னரிலிருந்து வருகின்றனவா என்று பிரித்தறிய அதனிடம் நம்பத்தக்க வழி எதுவும் இல்லை. எஸ்எஸ்எச் நிரலே டெர்மினலின் பார்வையில் உள்ளூரில் ஓடும் இன்னொரு நிரல்தான். அது எங்கிருந்து எதைக் கொண்டுவந்து கொட்டுகிறது என்பது டெர்மினலின் கணக்கில் வராது.

தொடுப்பும் அந்தப் பைட்டுகளோடு பைட்டுகளாகத்தான் வருகிறது. எஸ்கேப் எழுத்து, அதையடுத்து ஒரு மூடும் சதுர அடைப்புக்குறி, 8 என்ற எண், இரண்டு அரைப்புள்ளிகள், பிறகு முகவரி, பிறகு முடிவுக்குறி என்ற வரிசை முதலில் வரும். திரையில் தெரியவேண்டிய சொல் அதற்குப் பின் வரும். கடைசியில் முகவரி இல்லாத அதே வரிசை மறுபடியும் வந்து தொடுப்பை மூடும். ‘ஓஎஸ்சி 8’ என்று வழங்கப்படும் இந்த ஏற்பாடு 2017-இல் க்னோம் டெர்மினலிலும் மேக் கணினிகளுக்கான ஐடெர்ம்2-விலும் இடம்பெற்றது. நீங்கள் இயக்கிப் பார்த்த விருப்பமும் அதே ஆண்டில் வெளியான குனு கோர்யூட்டில்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பின் 8.28 பதிப்பில்தான் ‘எல்எஸ்’ கட்டளைக்கு வந்தது. லினக்ஸில் பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி, அவற்றின் நிலையைக் காட்டும்போது அமைப்புக் கோப்பின் பாதையைத் தொடுப்பாக்கித் தருவதும் இதே முறையில்தான். அதுவும் கணினியின் பெயரை உள்ளே வைத்தே தருகிறது.

இனி, பெயர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். உங்கள் மடிக்கணினியிலும் சர்வரிலும் உங்களுக்கு ஒரே பயனர்பெயர் என்று கொள்வோம்; பெரும்பாலோருக்கு அப்படித்தான் இருக்கும். எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து, உங்கள் இல்லக் கோப்புறையில் உள்ள பாஷ் ஷெல்லின் அமைப்புக் கோப்பைப் பட்டியலில் கண்டு கிளிக் செய்கிறீர்கள். தொடுப்பில் பாதை மட்டும் இருந்தால், டெர்மினல் அதை உள்ளூர்ப் பாதையாக எடுத்துக்கொண்டு, மடிக்கணினியில் அதே இடத்தில் அதே பெயரில் இருக்கும் உங்கள் சொந்தக் கோப்பைத் திறந்துவிடும். திருத்துவதற்கு உங்களுக்கு அனுமதி உண்டு, எந்த எச்சரிக்கையும் வராது, திருத்திச் சேமிப்பீர்கள். பிறகு சர்வரில் மாற்றம் ஏன் பலிக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதற்கிடையே மடிக்கணினியின் ஷெல் விசித்திரமாக நடந்துகொள்ளத் தொடங்கியிருக்கும். கோப்பே இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும், தப்பித்துவிடலாம். ஆனால் யுனிக்ஸ் வழிவந்த கணினிகள் எல்லாவற்றிலும் கோப்புறை அமைப்பு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், தவறான கோப்பு சரியான இடத்தில் காத்திருக்கும் வாய்ப்பு மிக அதிகம்.

பெயர் இருந்தால், கிளிக் செய்த கணத்தில் டெர்மினல் அதைத் தான் ஓடும் கணினியின் பெயரோடு ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பைத் திறக்கிறது. வேறாக இருந்தால், எடுத்துக்காட்டாக க்னோம் டெர்மினல், தொலைக்கணினியின் பெயர் கொண்ட கோப்பு முகவரியைத் திறக்க இயலாது என்று சொல்லி மறுத்துவிடுகிறது. ஆக, தொடுப்பில் உள்ள பெயர் அந்தக் கணினியைப் போய்ச் சேர்வதற்கான வழி அன்று. திறக்கக் கூடாத கோப்பைத் திறக்காமல் இருப்பதற்கான அடையாளம். இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

இது டெர்மினல்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்த உத்தியும் அன்று. 1994-இல் வெளியான ஆர்எஃப்சி 1738 என்ற இணையத் தர ஆவணம், கோப்பு முகவரியில் இரண்டு சாய்கோடுகளுக்குப் பிறகு வரும் இடம் அந்தப் பாதை எந்தக் கணினியில் செல்லுமோ அதன் பெயருக்கானது என்று வகுத்தது. அந்த இடம் வெறுமையாக இருந்தாலோ ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருந்தாலோ, முகவரியைப் படித்துப் பொருள்கொள்ளும் கணினியையே குறிக்கும் என்றும் சொன்னது. கோப்பை எந்த நெறிமுறையால் எடுத்துவருவது என்று இந்த வகை முகவரி குறிப்பிடுவதே இல்லை என்பதையும் அந்த ஆவணம் சுட்டிக்காட்டியிருக்கிறது. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8089 இந்த அமைப்பையே தொடர்கிறது. பிரௌசரில் நீங்கள் பார்த்த மூன்று சாய்கோடுகளில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இருப்பது அந்த வெறுமையான பெயரிடம்தான். கோப்பைத் திறந்ததும் முகவரியை எழுதியதும் பிரௌசரே என்பதால் அங்கே ஐயத்துக்கு இடமில்லை. எழுதுபவர் ஓரிடத்திலும் படிப்பவர் ஓரிடத்திலும் இருக்கும்போதுதான் பெயர் தேவைப்படுகிறது.

கேள்வி: கோப்புகளில் தேடும் சிறு கருவி ஒன்றை எழுதிவருகிறேன். முடிவுகளைத் தொடுப்புகளாகத் தர விரும்புகிறேன். பெயரிடத்தை வெறுமையாக விடுவதா, ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று போடுவதா, உண்மையான பெயரைப் போடுவதா? உண்மையான பெயர் என்றால் முழு டொமைன் பெயரா, சுருக்கப் பெயரா?
— மென்பொருள் எழுதும் வாசகர்

பதில்: ‘லோக்கல்ஹோஸ்ட்’ வேண்டவே வேண்டாம். வெறுமையான இடம் ஒன்றும் சொல்லாமல் விடுகிறது. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பதோ, உங்கள் கருவி சர்வரில் ஓடும்போது, ‘இது நீ இருக்கும் கணினியிலேயே உள்ள கோப்பு’ என்று டெர்மினலிடம் பொய் சொல்கிறது. இரண்டையும் டெர்மினல்கள் ஒரே மாதிரி நடத்துவதால் விளைவில் வேறுபாடு இல்லை என்று வாதிடலாம். அதனால்தான் இரண்டையும் தவிர்க்கச் சொல்கிறோம்.

உண்மையான பெயரைப் போடுங்கள். முழுப் பெயரா, சுருக்கப் பெயரா என்பதில் ஆவணமும் நடைமுறையும் சற்று விலகிச் செல்கின்றன. ஆர்எஃப்சி முழு டொமைன் பெயரைப் பேசுகிறது. நடைமுறையில் டெர்மினல்கள் இயங்குதளத்தின் ‘கெட்ஹோஸ்ட்நேம்’ என்ற அழைப்பு தரும் பெயரை அப்படியே எடுத்து ஒப்பிடுகின்றன. உங்கள் கருவி, வலையமைப்பில் கணினிப் பெயர்களைத் தேடித்தரும் டிஎன்எஸ்ஸைக் கேட்டு முழுப் பெயரைத் தேடி எழுதினால், டெர்மினலின் கையில் சுருக்கப் பெயர் மட்டும் இருக்கும்; உள்ளூர்க் கோப்புகளே திறக்காமல் போகும். போதாக்குறைக்கு, டிஎன்எஸ் பதில் தாமதமானால் நொடியில் முடியவேண்டிய தேடல் காரணமில்லாமல் காத்துக்கிடக்கும். இந்த இடத்தில் ஆவணத்தைவிட நடைமுறையைப் பின்பற்றுவதே அறிவுடைமை. ‘கெட்ஹோஸ்ட்நேம்’ தருவதை ஓர் எழுத்தும் மாற்றாமல், நிரல் தொடங்கும்போது ஒருமுறை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பு தோற்றால் மட்டும் பெயரிடத்தை வெறுமையாக விடலாம்.

கோப்புகளில் தேடும் ரிப்கிரெப் கருவியின் 14-ஆம் பதிப்பு இதில் நல்ல முன்மாதிரி. தொடுப்பின் வடிவத்தைப் பயனரே வார்ப்புருவாக எழுதலாம். அதில் கணினியின் பெயர், பாதை, வரி எண் ஆகியவற்றுக்குத் தனித்தனி இடங்கள் உண்டு. இயங்குதளம் தரும் பெயர் ஒருவருக்குப் பொருந்தவில்லை என்றால், பெயரைச் சொல்லும் வேறொரு நிரலைக் குறிப்பிடவும் தனி விருப்பம் உண்டு. சிறு கருவிக்கு இது மிகை என்று தோன்றலாம். ஆயினும் பெயர் சம்பந்தப்பட்ட எல்லா விநோதங்களையும் கருவியை எழுதுபவரே முன்கூட்டி அறிந்துவிட முடியாது என்ற அடக்கம் அதில் இருக்கிறது.

பாதையைப் பற்றியும் ஒரு சொல். டெர்மினலுக்கு உங்கள் நடப்புக் கோப்புறை தெரியும் என்று எண்ணாதீர்கள். வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையையே எழுதவேண்டும். அதையும் அப்படியே எழுதக் கூடாது. முகவரிக்குள் 32 முதல் 126 வரை மதிப்புள்ள பைட்டுகள் மட்டுமே வரலாம் என்பது ஓஎஸ்சி 8 ஏற்பாட்டின் விதி. எனவே மற்ற பைட்டு ஒவ்வொன்றையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினாறடி இலக்கங்களுமாக மாற்றவேண்டும். ‘கணக்கு’ என்ற பெயருள்ள கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு நான்கு எழுத்துகள். யூனிகோடில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஆறு குறிகள். யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று வீதம் 18 பைட்டுகள். முகவரியில் 54 எழுத்துகள். கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைப்பவர்களின் தொடுப்புகள் இப்படித்தான் நீளும். க்னோம் டெர்மினல் ஒரு முகவரிக்கு 2083 பைட்டுகள் வரை ஏற்பதால், ஆழமான கோப்புறைகளுக்குள் மிக நீண்ட தமிழ்ப் பெயர்களை வைத்தாலொழிய இடையூறு வராது.

இதைவிட அடிக்கடி கோட்டைவிடப்படுவது, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே இருக்கும் மூன்று குறிகள்: விழுக்காட்டுக் குறி, வினாக்குறி, எண்ணைக் குறிக்கும் ‘#’ குறி. ‘குறிப்பு#2’ என்ற கோப்பின் பெயரில் உள்ள அந்தக் குறியை மாற்றாமல் விட்டால், முகவரி அந்த இடத்தோடு முடிந்துவிட்டதாகவும் மீதி ஒரு துணைச்சுட்டு என்றும் பொருள்கொள்ளப்படும். ‘குறிப்பு’ என்ற வேறொரு கோப்பு இருந்தால் அது திறக்கும். கணினியின் பெயரை எழுதித் தவிர்த்த அதே பிழை வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

கேள்வி: மேற்கண்ட வாசகரைப் போல நானும் கருவிகளை அமைத்துக்கொள்பவன். கோப்பு முகவரியில் வரி எண்ணைச் சொல்ல இடமில்லாததால், விஎஸ் கோட் எடிட்டரின் முகவரி வடிவத்தைப் பயன்படுத்துகிறேன். அதில் பெயரிடம் இல்லையே?
— ஒரு வாசகர்

பதில்: இல்லை. ‘விஎஸ்கோட்’ என்று தொடங்கி, ‘ஃபைல்’ என்ற சொல்லும் பாதையும் வரி எண்ணும் வரும் அந்த வடிவம், எடிட்டர் ஓடும் கணினியில் உள்ள கோப்பையே குறிக்கும். உள்ளூரில் வேலை செய்யும்வரை அதைவிட வசதியானது வேறில்லை. ஆனால் அதே அமைப்பைச் சர்வரிலும் வைத்தால், முதல் பதிலில் விவரித்த விபத்துக்கு நீங்களே வாசலைத் திறந்துவைத்ததாகும். ஏனெனில் இது கோப்பு முகவரி அன்று என்பதால் டெர்மினல் பெயரை ஒப்பிட முயல்வதே இல்லை. அப்படியே எடிட்டரிடம் ஒப்படைத்துவிடும். சர்வரில் அதே எடிட்டரின் தொலைநிலை வடிவத்தைப் பயன்படுத்தலாம். அதில் எஸ்எஸ்எச் வழியாகச் செல்லவேண்டிய கணினியின் பெயரைக் குறிப்பிட இடம் உண்டு. அல்லது சர்வரில் மட்டும் சாதாரணக் கோப்பு முகவரிக்கே திரும்பிவிடுங்கள். வரி எண் போனால் போகட்டும்.

கேள்வி: என் மேக் மடிக்கணினியில் தொடுப்புகள் வீட்டில் திறக்கின்றன. அலுவலக வலையமைப்பில் சேர்ந்த பிறகு, காலையில் வீட்டில் எடுத்த பட்டியலில் உள்ளவை திறக்க மறுக்கின்றன. கோப்புகளோ அதே இடத்தில்தான் இருக்கின்றன.
— வடிவமைப்புப் பணியில் இருப்பவர்

பதில்: கோப்புகள் அதே இடத்தில் இருக்கின்றன, உங்கள் கணினியின் பெயர்தான் இடம் மாறிவிட்டது. மேக் இயங்குதளத்தில் ஒரு கணினிக்கு மூன்று பெயர்கள் உண்டு: அமைப்புகள் திரையில் தெரியும் கணினிப் பெயர், அக்கம்பக்கத்துச் சாதனங்கள் கண்டுகொள்வதற்கான உள்வலைப் பெயர், யுனிக்ஸ் நிரல்களுக்குச் சொல்லப்படும் ஹோஸ்ட் பெயர். மூன்றாவதை யாரும் நிலையாக அமைக்காவிட்டால், சேர்ந்திருக்கும் வலையமைப்பு தரும் பெயரை இயங்குதளம் ஏற்றுக்கொள்ளக்கூடும். வலையமைப்பு எதுவும் தராவிட்டால் உள்வலைப் பெயரோடு ‘லோக்கல்’ என்ற பின்னொட்டைச் சேர்த்துக்கொள்ளும். காலையில் எழுதப்பட்ட தொடுப்புகள் காலையில் இருந்த பெயரைத் தாங்கியவாறே திரையின் பழைய வரிகளில் நிற்கின்றன. டெர்மினலோ இப்போதைய பெயரோடு ஒப்பிடுகிறது.

‘எஸ்சி-யூடில்’ என்ற கட்டளையால் ஹோஸ்ட் பெயரை ஒருமுறை நிலையாக அமைத்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும். அமைப்புகள் திரையில் பெயரை மாற்றுவது போதாது. அது முதல் பெயரையும் அதன்வழி இரண்டாவதையும்தான் தொடும்.

கேள்வி: எங்கள் குழுவில் நிரல்களை டாக்கர் கன்டெய்னருக்குள்தான் கட்டுகிறோம், சோதிக்கிறோம். நிரல்மூலக் கோப்புறை வெளிக்கணினியிலிருந்து உள்ளே இணைக்கப்பட்டது. உள்ளே ஓடும் கருவிகள் தரும் தொடுப்புகளில் பெயரிடத்தில் புரியாத எழுத்துக்கூட்டம் வருகிறது, எதுவும் திறப்பதில்லை. கன்டெய்னருக்கு வெளிக்கணினியின் பெயரையே சூட்டிவிடலாமா?
— குழுத் தலைவர் ஒருவர்

பதில்: அந்த எழுத்துக்கூட்டம் கன்டெய்னரின் அடையாள எண்ணின் முதல் 12 பதினாறடி இலக்கங்கள், வேறு பெயர் கொடுக்காவிட்டால் டாக்கர் அதையே கன்டெய்னரின் ஹோஸ்ட் பெயராக வைக்கும். திறக்காமல் இருப்பது பிழையன்று. கன்டெய்னருக்குள் இருக்கும் கோப்பமைப்பு வேறு, வெளியே இருப்பது வேறு. எனவே பெயரும் வேறாக இருப்பதுதான் முறை.

வெளிக்கணினியின் பெயரைக் கன்டெய்னருக்குச் சூட்டுவது ஒரு வரியில் முடிகிற காரியம் என்பதால் பலர் அதைத்தான் செய்கிறார்கள். நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். உங்கள் நிரல்மூலம் வெளியே ஒரு பாதையிலும் உள்ளே இன்னொரு பாதையிலும் இருந்தால், பெயர் பொருந்தினாலும் பாதை பொருந்தாது. இரண்டு பாதைகளையும் ஒன்றாக்கிக்கொண்டாலும் மீதிக் கோப்புகள் இருக்கின்றன: கம்பைலர் ஒரு தலைப்புக் கோப்பைச் சுட்டிப் பிழைச்செய்தி தருகிறது, அதைக் கிளிக் செய்கிறீர்கள், வெளிக்கணினியில் நிறுவப்பட்டிருக்கும் அதே நூலகத்தின் வேறொரு பதிப்பு திறக்கிறது. பிழை சுட்டும் வரியும் கண்முன் உள்ள வரியும் ஒத்துப்போகாமல் நீங்கள் குழம்பும் அளவுக்கு அவை ஒன்றுபோலவே இருக்கும்.

செய்யத்தக்கது இது: நிரல்மூலக் கோப்புறையை உள்ளேயும் வெளியேயும் ஒரே பாதையில் இணையுங்கள், கன்டெய்னரின் பெயரைத் தொடாதீர்கள், தேடுகருவி போன்று நிரல்மூலத்துக்குள் மட்டும் உலவும் கருவிகளுக்கு மட்டும், அவற்றின் சொந்த அமைப்பில், வெளிக்கணினியின் பெயரைக் கொடுங்கள். ரிப்கிரெப்பில் பெயர் சொல்லும் நிரலைக் குறிப்பிடும் விருப்பம் இதற்குப் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: விண்டோஸ் டெர்மினலில், விண்டோஸுக்குள்ளேயே ஓடும் டபிள்யூஎஸ்எல் லினக்ஸுக்குள் ‘எல்எஸ்’ தரும் தொடுப்பைக் கிளிக் செய்தால் திறப்பதில்லை. இத்தனைக்கும் டபிள்யூஎஸ்எல்லின் ஹோஸ்ட் பெயரும் விண்டோஸின் பெயரும் ஒன்றேதான்!
— ஒரு வாசகி

பதில்: பெயர் ஒன்று, கோப்பமைப்பு இரண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. வழக்கமான அமைப்பில் டபிள்யூஎஸ்எல் தன் பெயரை விண்டோஸிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆனால் லினக்ஸ் பாதை விண்டோஸுக்கு அப்படியே விளங்காது. மேலும், விண்டோஸில் கோப்பு முகவரியின் பெயரிடம் வெறும் அடையாளம் அன்று. இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின் ஒரு பெயர் வந்தால், அந்தப் பெயருள்ள கணினியின் பகிர்வுக் கோப்புறை என்று இயங்குதளம் எடுத்துக்கொண்டு வலையமைப்பில் அதைத் தேடிப்போகும். தேடிப்போகையில் உங்கள் கணக்கின் சான்றுகளைக் கொண்டு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் முயலக்கூடும் என்பதால், முன்பின் அறியாத கணினியின் பெயரைத் தாங்கிய தொடுப்பு அங்கே உண்மையிலேயே ஆபத்தானது. ஆகவே விண்டோஸ் டெர்மினல் கறாராக நடந்துகொள்கிறது: பெயரிடம் வெறுமையாகவோ ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்றோ இருந்தால் அனுமதிக்கிறது, டபிள்யூஎஸ்எல் கோப்புகளுக்கென்று விண்டோஸ் ஒதுக்கியுள்ள இரண்டு சிறப்புப் பெயர்களை அனுமதிக்கிறது, மற்றவற்றைத் திறப்பதில்லை, அது உங்கள் கணினியின் சொந்தப் பெயராகவே இருந்தாலும்.

எனவே தொடுப்பின் பெயரிடத்தில் அந்தச் சிறப்புப் பெயர்களில் ஒன்றும், அதையடுத்து லினக்ஸ் வழங்கலின் பெயரும், பிறகு பாதையும் வரவேண்டும். ரிப்கிரெப்பின் வார்ப்புருவில் இந்த முன்னொட்டுக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ‘எல்எஸ்’ கட்டளையில் அப்படி எதுவும் இல்லை.

கேள்வி: பெயர் தெரிந்திருக்கிறது, பாதையும் தெரிந்திருக்கிறது. மறுத்துவிட்டு நிற்பதற்குப் பதிலாக, டெர்மினலே அந்தச் சர்வருக்குப் போய்க் கோப்பை எடுத்துவந்து திறக்கலாமே?
— சர்வர் நிர்வாகி

பதில்: கேட்பதற்கு எளிது. சிக்கல் என்னவென்றால், சர்வர் தன்னை அழைத்துக்கொள்ளும் பெயரும் நீங்கள் அதை அழைக்கும் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் நீங்கள் ஒரு புனைபெயர் வைத்திருப்பீர்கள். இடையே ஒரு வாயில் சர்வர் வழியாகத் தாவிச் செல்வீர்கள். வழக்கமல்லாத போர்ட் எண் இருக்கும். பயனர்பெயர் வேறாக இருக்கும். சர்வரோ தன்னை ‘வெப்1’ என்று மட்டும் அறிந்திருக்கும். ஒரே நிறுவனத்தின் இரண்டு வலையமைப்புகளில் இரண்டு ‘வெப்1’ இருப்பதும் உண்டு. தொடுப்பில் உள்ள பெயரை நம்பி டெர்மினல் தானாகப் புறப்பட்டால், போய்ச் சேராமல் போகலாம். அதைவிட மோசமாக, வேறொரு கணினியில் போய்ச் சேரலாம்.

கிட்டி டெர்மினல் இதை ஓரளவு தீர்த்திருக்கிறது. எஸ்எஸ்எச் அமர்வுக்குள் ‘எல்எஸ்’ தந்த தொடுப்பைக் கிளிக் செய்தால், பெயர் உள்ளூர்க் கணினியினுடையது அன்று என்று கண்டு, கோப்பைத் திருத்துவதா, திறப்பதா, பதிவிறக்குவதா என்று கேட்கிறது. அது போவது, தொடுப்பில் உள்ள பெயரை முகவரியாகக் கொண்டு அன்று. அந்தச் சாளரத்தில் நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்எச் கட்டளை எதுவோ அதைப் பார்த்து, அதே வழியில் மீண்டும் போகிறது. பெயர் ‘இது இங்கே இல்லை’ என்பதை மட்டும் சொல்கிறது; ‘எங்கே’ என்பதை உங்கள் கட்டளை சொல்கிறது. இந்தப் பிரிவினை மிகச் சரியானது என்பது எங்கள் கருத்து. முதல் எஸ்எஸ்எச்சுக்குள் இன்னொரு எஸ்எஸ்எச் நடத்தினால் மட்டும் உள்ளே உள்ளது டெர்மினலின் கண்ணுக்குப் படாது. அதற்கு வாயில் சர்வரை அமைப்புக் கோப்பிலேயே குறிப்பிட்டு, ஒரே கட்டளையில் போய்ச் சேரும்படி செய்துகொள்வது நல்லது.

கேள்வி: தொடுப்பில் என் கணினியின் பெயர் இருந்தால் அது பாதுகாப்பானது என்று நம்பலாமா?
— ஒரு வாசகர்

பதில்: நம்பக் கூடாது. இந்த ஒப்பீடு நேர்மையான கருவிகளின் தொடுப்புகள் இடம் மாறித் திறக்காமல் காக்கும், வஞ்சகரைத் தடுக்காது. உங்கள் கணினியின் பெயரை அறிந்த எவரும் அதைத் தொடுப்பில் எழுதலாம். அறியாதவர் பெயரிடத்தை வெறுமையாக விட்டாலே போதும். பிறர் அனுப்பிய பதிவுக் கோப்பு ஒன்றை நீங்கள் திரையில் கொட்டும்போது, அதற்குள் யாரேனும் பொதித்துவைத்த எஸ்கேப் வரிசைகளும் சேர்ந்து வந்து தொடுப்புகளாக உயிர்பெறும். கண்ணுக்குத் தெரியும் சொல் ஒன்றாகவும் உள்ளே இருக்கும் முகவரி வேறாகவும் இருக்கலாம். மவுஸைத் தொடுப்பின்மேல் கொண்டுபோனால் டெர்மினல் காட்டும் முகவரியைப் படித்துவிட்டுக் கிளிக் செய்யுங்கள். அந்த முகவரியைக் காட்டாத டெர்மினலில் இந்த வசதியையே அணைத்துவைக்கலாம்.

கேள்வி: கட்டளையின் வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்துப் பிறருக்கு அனுப்பினால் என் கணினியின் பெயரும் பயனர்பெயரும் கூடவே போகுமா?
— ஒரு வாசகி

பதில்: ஹைப்பர்லிங்க் விருப்பத்துக்கு ‘ஆல்வேஸ்’ என்ற மதிப்பைக் கொடுத்திருந்தால் போகும், சாதாரண எடிட்டரில் திறந்தால் எஸ்கேப் வரிசைகளாக வெளிப்படையாகவே தெரியும், டெர்மினலில் கொட்டினால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். ‘ஆட்டோ’ என்ற மதிப்பைக் கொடுத்தால், வெளியீடு டெர்மினலுக்குப் போகும்போது மட்டுமே தொடுப்புகள் எழுதப்படும், கோப்புக்குப் போகும்போது எழுதப்படமாட்டா. ஆனால் டெர்மினல் அமர்வையே பதிவுசெய்யும் நிரல்களின் முன்னால் ‘ஆட்டோ’வும் ஏமாந்துவிடும், ஏனெனில் அவை தம்மையே ஒரு டெர்மினலாகக் காட்டிக்கொள்கின்றன. பதிவைப் பொதுவில் வெளியிடுவதாக இருந்தால், பதிவு செய்யும் அமர்வில் அந்த விருப்பத்தை முழுவதுமாக நீக்கிவிட்டுத் தொடங்குங்கள்.